யாரையும் தோற்கவிடாதவர்

பாஸ்போர்ட் விசாரணைக்குப் போலீஸ்காரர் வருவதாக இருந்த காலையில், எதிர்வீட்டு அக்கா என்னை மாடிப்படியில் மறித்து, எத்தனை வருடமாக இந்த விலாசத்தில் இருக்கிறேன் என்று கேட்டார். குரலில் ஒரு காவல் நிலையமே இருந்தது. அவருக்குத் தெரியாத விஷயமல்ல. பெங்களூர் மல்லேஸ்வரத்தில் அந்தக் கட்டடத்துக்கு நான் குடிவந்த அன்று எனக்குப் பால் காய்ச்சிக் கொடுத்தவரே அவர்தான்.

"உங்களுக்குத் தெரியாதாக்கா?" என்றேன்.

"போலீஸ்காரர்கிட்டயும் இப்படித்தான் எதிர்க்கேள்வி போடுவியா? மொதல்லேர்ந்து வா."

நான் மத்திய அரசு அலுவலகம் ஒன்றின் பணியாளர் பிரிவில் இருந்து, அதிகாரியாக ஓய்வு பெற்றவள். எந்தச் சான்றிதழுக்கு எந்த இணைப்பு, எந்த மேஜைக்குப் பிறகு எந்த மேஜை, எந்தக் குமாஸ்தா சாப்பாட்டுக்கு முன் கையெழுத்துப் போடுவார், எவர் சாப்பிட்ட பிறகுதான் மனிதராவார் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அப்படிப்பட்ட என்னைக் கையில் கொத்தமல்லிக் கட்டோடு நின்ற ஒரு பெண்மணி விசாரித்தார். நான் அடக்கமாகப் பதில் சொன்னேன் என்பதை இன்றும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. வந்த போலீஸ்காரர் அதே கேள்விகளை அதே வரிசையில் கேட்டார் என்பதை அதைவிட.

எங்கள் இருவருக்கும் இருந்த வித்தியாசம் அன்றே எனக்குப் புரிந்துவிட்டது. எனக்கு விதிகளைத் தெரியும். அக்காவுக்கு மேஜையின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் ஆளைத் தெரியும்.

அக்கா பிறந்து வளர்ந்தது அதே ஊரில், தண்டவாளத்தை ஒட்டிய ஒக்கலிபுரம். ரயில் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. ஆரணியிலிருந்தும் திருப்பத்தூரிலிருந்தும் கல்யாணமாகி அந்தத் தெருவுக்கு வந்த பெண்களுக்குக் கன்னடம் தெரியாது. ரேஷன் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகப் பயப்படுவார்கள். பாவாடை சட்டை வயதிலேயே அக்கா ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, ரேஷன் அதிகாரி மாதிரி, "ஏனு பேக்கு?", என்ன வேண்டும், என்று அவர்களை அதட்டுவாராம். அந்தப் பெண் அழாமல், தனக்கு என்ன வேண்டும் என்று கன்னடத்தில் சொல்லி முடிக்கும்வரை விடமாட்டாராம். இது அவரே சொன்னதுதான். ஆகவே கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம். ஆனால் முழுக்கக் கழிக்க முடியாது, ஏனென்றால் மிச்சத்தை நானே பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது மாடிப் பெண்ணின் அமெரிக்க விசாவுக்கு அக்காதான் தூதரக அதிகாரி. சமையலறை ஜன்னலுக்கு உள்ளே அவர், வெளியே பால்கனியில் அந்தப் பெண். மூக்கு நுனியில் கண்ணாடி. "வாட் ஈஸ் யுவர் பர்ப்பஸ்?" என்று கம்பிக்குப் பின்னாலிருந்து கேட்பார், நடுவில் குக்கர் விசில் அடித்தால் எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு, முகத்தை மறுபடி அமெரிக்காவாக்கிக்கொண்டு வந்து உட்காருவார். வாட்ச்மேன் தன் மகளைக் கான்வென்டில் சேர்க்கப் போனபோது, பள்ளிக்கூடத்துச் சிஸ்டராக மாறி அவரையும் அவர் மனைவியையும் வாட்டி எடுத்தார். வீட்டு வேலைக்கு வந்த பெண்ணின் டிரைவிங் லைசென்ஸ், கீழ்வீட்டுப் பையனின் வங்கி வேலை, யாரோ ஒருவரின் பெண் பார்க்கும் படலம் எல்லாவற்றுக்கும் அந்த வீட்டுக் கூடம்தான் மாதிரித் தேர்வு மையம். யாரும் தோற்றதில்லை. ஒருவராவது தோற்றுவிட்டு வரட்டும் என்று நான் ஓரிரு முறை ஆசைப்பட்டதுண்டு. நடக்கவில்லை.

ஏன் இப்படி இருந்தார் என்று காரணம் தேடினால் ஏதாவது சின்ன வயதுச் சோகம் கிடைக்கலாம். நான் தேடவில்லை. ஒருவர் தன் கண் முன்னால் திணறுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவரால் முடியாது, அவ்வளவுதான். பஸ்ஸில் சில்லறை தேடுகிறவருக்குப் பையைப் பிடித்துக்கொள்வார். வாக்கியத்தின் நடுவில் நீங்கள் சொல்லுக்காகத் தடுமாறினால் சொல்லை எடுத்துக் கொடுப்பார். அதுவும் சரியான சொல்லாகவே இருக்கும். அவரோடு பேசுவது, யாரோ முன்னாலேயே சுத்தியலால் அடித்து வைத்த ஆணிகளில் சட்டை மாட்டுவது போல.

அவருடைய வீட்டுக்காரரை நான் 'சார்' என்றுதான் கூப்பிடுவேன். பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதகராக இருந்தவர். அதிர்ந்து பேசாதவர். இதயத்தில் பைபாஸ் ஆகிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. ஆபரேஷன் முடிந்து பார்க்க வந்தவர்களிடம் எல்லாம் தன் வலியை விளக்கிச் சார் களைத்துப் போனதைப் பார்த்த அக்கா, யார் என்ன கேட்டாலும் 'ஃபர்ஸ்ட் க்ளாஸ்' என்று மட்டும் சொன்னால் போதும் என்று சொல்லிக் கொடுத்தார். நல்ல யோசனை. வந்தவர்கள் சீக்கிரம் கிளம்பினார்கள். ஆனால் பைபாஸ் முடிந்து வருடங்கள் போன பிறகும் சார் அதை விடவில்லை. உடம்பு எப்படி என்றாலும் ஃபர்ஸ்ட் க்ளாஸ், காவேரித் தண்ணீர் வந்ததா என்றாலும் ஃபர்ஸ்ட் க்ளாஸ். நாங்கள் சிரித்தோம். சாரும் சிரித்தார். அவர் காது சரியாகக் கேட்பதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். கேட்காதபோது சிரித்துவிடுவார் என்பதும் தெரியும். கேட்காமல் சிரிப்பதற்கும் புரியாமல் சிரிப்பதற்கும் முகத்தில் வித்தியாசம் தெரிவதில்லை.

ஒரு நாள் சாயங்காலம் என் வீட்டு மணி அடித்தது. சார் உள்ளே வந்தார், செருப்பைக் கழற்றினார், கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்தார், டிவியைப் பார்த்தார். காபி வேண்டுமா என்றேன். போடு என்றார். என்னை ஒருமையில் கூப்பிடும் பழக்கம் அவருக்கு இல்லை. நான் பால் அடுப்பை மூட்டுவதற்குள் அக்கா வந்துவிட்டார்.

"நான்தான் அனுப்பினேன், உனக்குப் பேச்சுத் துணையா இருக்கட்டும்னு," என்றார்.

அந்த நேரத்தில் எனக்கு அவர் மேல் வந்தது கோபமா, மரியாதையா என்று தெரியவில்லை. என்ன வேகம்.

இதற்குக் கொஞ்ச நாள் கழித்துத்தான் இதய மருத்துவமனையில் அந்தப் பரீட்சை வந்தது. சாருக்கு வழக்கமான பரிசோதனை. மருத்துவமனை என்றால் நான் கூடப் போவது வழக்கம். எந்தக் கவுன்டரில் நின்றால் வேலை நடக்கும் என்று எனக்குத்தான் தெரியும், தவிர எனக்கும் ஒரு ஸ்டென்ட் உண்டு, அங்கேயே எனக்கும் ஃபைல் இருக்கிறது. டாக்டர், கர்நாடகத்தின் ஹாசன் ஊர்ப் பக்கத்து இளம்பெண். தமிழைக் கன்னடத்தில் தோய்த்துப் பேசுவார். வயதான இதய நோயாளிகளுக்கெல்லாம் ஞாபகத்தையும் ஒரு முறை பார்த்துவிடுகிறோம் என்றார். கன்னடத்தில் கேட்கட்டுமா, ஆங்கிலத்தில் கேட்கட்டுமா என்றார்.

அக்கா கொஞ்சமும் தயங்காமல், "எந்த மீடியத்துல மார்க் ஜாஸ்தி?" என்று கேட்டார்.

கன்னட மீடியம் என்று முடிவானது. ஐந்து சொற்களைச் சொல்லி, பிறகு கேட்பேன் என்றார் டாக்டர். விளக்கு, யானை, தக்காளி, கத்தரிக்கோல், ரயில். என்ன கிழமை, என்ன மாதம். ஒரு கடிகாரம் வரைந்து நாலே கால் காட்டுங்கள். சாரின் கடிகாரத்தில் எண்கள் எல்லாம் ஒரே பக்கம் இறங்கி நின்றன, மழைக்கு ஒதுங்கியவர்கள் மாதிரி. மாத்திரைகளை எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே வார்டிலிருந்து யாரோ டாக்டரை அவசரமாகக் கூப்பிட்டார்கள். அடுத்த வாரம் வாருங்கள், முதலிலிருந்து பார்ப்போம் என்று சொல்லிவிட்டு அவர் ஓடினார்.

டாக்டர் செய்தது ஒரே ஒரு தவறுதான். கேள்வித்தாளை அக்காவின் முன்னால் திறந்துவிட்டார்.

அந்த வாரம் முழுக்க எதிர்வீட்டிலிருந்து விளக்கு, யானை கேட்டுக்கொண்டே இருந்தது. தினசரிக் காலண்டர் தாள்களின் பின்பக்கம், டம்ளரைக் கவிழ்த்துப் போட்ட வட்டங்கள். ஒவ்வொன்றிலும் நாலே கால். அக்கா டாக்டரைப் போலவே தலையைச் சாய்த்து, அதே ஹாசன் கன்னடத்தில் கேட்டார். சார் பாவம், நெற்றி வியர்க்கப் பதில் சொன்னார். இது முறைகேடு என்று நான் சொன்னேன். கேள்வித்தாள் கசிவு என்று எங்கள் துறையில் இதற்குப் பெயர் என்றும், இதற்கு விசாரணைக் கமிஷன் உண்டு என்றும் சொன்னேன்.

"கசியறதுக்கு நாங்களா ஓட்டை போட்டோம்? அந்தப் பொண்ணே நம்ம எதிர்க்கதானே கேட்டா," என்றார் அக்கா. பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆபீசரம்மா, அங்க உக்காந்து அவர் முழிக்கிறத உன்னால பாக்க முடிஞ்சுதா? என்னால முடியல" என்றார்.

அடுத்த வாரம் சார் தேர்வில் பிரமாதமாகத் தேறினார். ஐந்து சொற்களும் வந்தன. கடிகாரம் ஒழுங்காக நின்றது. ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு என்று தெளிவாகச் சொன்னார். போன வாரம் பதற்றமாக இருந்திருப்பார் என்று டாக்டர் சிரித்தார். மாத்திரைகளை அவரே பார்த்துக்கொள்ளலாம், நல்லதுதான் என்றார். அக்கா திரும்பும் வழியெல்லாம் மெட்ரோவில் நின்றுகொண்டே வந்தார். இடம் கிடைத்தும் உட்காரவில்லை.

நான் மட்டும் வீட்டுக்கு வந்து மனதுக்குள் விளக்கு, யானை சொல்லிப் பார்த்தேன். நான்காவது சொல் வரவில்லை. கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு வெண்டைக்காய்ப் பையைப் பிரிக்கும்போது வந்தது. அதிலிருந்து இன்றுவரை, சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஏதாவது ஐந்தை எனக்கு நானே சொல்லிக்கொண்டு, சமையலறைக்குப் போய்த் திரும்பி வந்து கேட்டுக்கொள்கிற வியாதி எனக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது.

சில மாதங்கள் போயின. சார் நாற்காலியைவிட்டு அதிகம் எழவில்லை. சாயங்கால நடை நின்றுபோனது. எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து மகன் வீடியோவில் கூப்பிடுவதற்கு முன்னால் அக்கா பேரனின் பெயரையும் அவன் படிக்கும் வகுப்பையும் சாருக்குச் சொல்லிக் கொடுப்பது கதவுக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். பேச்சு முடிந்ததும் வீடு அமைதியாகிவிடும்.

அடுத்த பரிசோதனைக்குப் போனோம். டாக்டர் மறுபடி ஞாபகத்தைப் பார்த்தார். இந்த முறை சொற்கள் வேறு: செருப்பு, மழை, வாழைப்பழம், ஊசி, கோயில். சார் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். நடுவில் ஏதேதோ கேட்டுவிட்டு, நான் சொன்ன ஐந்தைச் சொல்லுங்கள் என்றார் டாக்டர்.

சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "விளக்கு, யானை, தக்காளி, கத்தரிக்கோல், ரயில்," என்றார். சொல்லிவிட்டு அக்காவைப் பார்த்துச் சிரித்தார்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"நீங்க சொல்லிக் கொடுத்தீங்களாம்மா?"

அக்கா வக்கீல் மாதிரி முன்னால் நகர்ந்தார். "இத்தனை மாசத்துக்கு முந்தி நீங்க சொன்னது டாக்டர். ஒண்ணுகூட விடாம சொன்னார். அது ஞாபகசக்தி இல்லியா?"

அது கெட்டிக்கார வாதம்தான். நான் மேஜையின் அந்தப் பக்கம் இருந்திருந்தால் ஒரு கணம் தடுமாறியிருப்பேன். அந்தப் பெண் தடுமாறவில்லை, கோபப்படவும் இல்லை. நாற்காலியை அக்காவின் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு பேசினார். இதயத்தில் கோளாறு உள்ளவர்களுக்கு மூளையும் மெல்ல அடிவாங்கும், இரண்டுக்கும் போவது ஒரே ரத்தம்தானே என்றார். துடிப்பு தாளம் தப்பினால் பொடிப்பொடியாக ரத்தக் கட்டிகள் மேலே போய், வெளியே தெரியாமலேயே அங்கங்கே அடைத்துக்கொள்ளும். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள் இல்லாவிட்டால் மெல்லிய குழாய்கள் கெடும். தூக்கத்தில் குறட்டை விட்டு மூச்சு நின்று நின்று வந்தால் ஆபத்து. காது கேட்காதவர் பேச்சை விட்டுவிடுவார், பேச்சை விட்டவர் ஆட்களை விட்டுவிடுவார், ஒரே இடத்தில் உட்கார்ந்துவிடுவார், மனசும் உட்கார்ந்துவிடும். அதுவும் சேர்ந்துகொள்ளும்.

கேட்கக் கேட்க என்னால் உட்கார முடியவில்லை. டாக்டர் சொன்ன ஒவ்வொன்றும் எதிர்வீட்டில் வாடகை கொடுக்காமல் குடியிருந்தது. அதில் சில என் வீட்டிலும்.

"இதுல பாதியை நாம புடிச்சு நிறுத்தலாம்மா," என்றார் டாக்டர். "போனது எல்லாம் திரும்பி வரும்னு நான் சொல்ல மாட்டேன். இருக்கறதக் காப்பாத்தலாம். ஆனா எங்க ஓட்டைன்னு எனக்குத் தெரியணும். நீங்க அதுமேல பாய் போட்டு மூடிட்டீங்க."

வியாழக்கிழமை வரச் சொன்னார். அதுவரை எதுவும் சொல்லிக் கொடுக்க வேண்டாம் என்றார். கிளம்பும்போது, மாத்திரையெல்லாம் உண்மையிலேயே ஒழுங்காகப் போகிறதா என்று வீட்டில் ஒரு முறை பாருங்கள் என்றார். அதெல்லாம் கரெக்டாகப் போட்டுக்கொள்கிறார், கேட்டால் கரெக்டாகச் சொல்கிறாரே என்று அக்கா பதில் சொன்னார். சொல்லி முடித்த பிறகு அவர் முகம் மாறியதை நான் கவனித்தேன்.

வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சாரின் அலமாரியின் இழுப்பறையைத் திறந்தார். நான் வாசலில் நின்றேன். உள்ளே, பழைய கைக்குட்டைகளுக்கு அடியில், ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை அட்டைகள். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, ரப்பர் பேண்ட் போட்டு, பிரிக்காமல். தரப் பரிசோதகரின் அடுக்கு. ஓரம் பிசகாமல் இருந்தது. பக்கத்தில் காது மிஷின், அதன் டப்பாவிலேயே.

அக்கா அந்தக் கட்டை எடுத்துக்கொண்டு போய்ச் சாரின் முன்னால் வைத்தார்.

"ஏங்க, இது என்னது?"

சார் அதை வாங்கி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. சாப்பாட்டுக்கு அப்புறம்," என்றார். குரலில் ஒரு பிசிறு இல்லை.

அக்கா சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்தார். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். சமாதானம் ஏதாவது தயார் செய்வார் என்று நினைத்தேன். சார் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், சரியாகச் சொல்லிவிட்டேன் இல்லையா என்பதுபோல. கடைசியில் அக்கா அவர் கையிலிருந்த அட்டைகளை வாங்கிக்கொண்டு, "சரியாதான் சொன்னீங்க," என்றார்.

உடனே அக்காவை டாக்டருக்குப் போன் செய்ய வைத்தேன். விட்டுப்போன மாத்திரைகளைச் சேர்த்துப் போடக் கூடாது, இன்றிலிருந்து நீங்களே கையில் கொடுத்து விழுங்க வையுங்கள் என்று டாக்டர் சொன்னார். அன்றிரவு முதல் அப்படியே நடந்தது.

வியாழக்கிழமை வரை எதிர்வீட்டில் சத்தமே இல்லை. அக்கா மட்டும் வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தார். என் வீட்டுக்கு வந்தார், உட்காராமல் போனார். திரும்பி வந்தார். கிழமை, மாதம் மட்டுமாவது சொல்லிக் கொடுக்கலாமா, அது பொது அறிவுதானே என்று கேட்டார். கூடாது என்றேன். தலையாட்டிவிட்டுப் போனவர், படியிலிருந்து திரும்பி, சாருக்குப் பிள்ளைகள் பெயர் வரவில்லை என்றால் அதையும் எழுதுவார்களா என்றார். எழுதுவார்கள் என்றேன். விதிமுறைகளை ஒருவருக்குச் சொல்வது இவ்வளவு கஷ்டமான வேலை என்று என் பணிக்காலத்தில் எனக்குத் தெரிந்ததில்லை.

மருத்துவமனையில், வேண்டுமானால் நீங்களும் உள்ளே இருக்கலாம், ஆனால் வாயைத் திறக்கக் கூடாது என்றார் டாக்டர். அக்கா சாரின் பக்கத்தில் உட்கார்ந்தார். காது மிஷின் இந்த முறை சாரின் காதில் இருந்தது. என்ன மாதம் என்பது முதல் கேள்வி. சார் வழக்கம்போல அக்காவின் பக்கம் திரும்பினார். அக்காவின் உதடு பிரிந்ததை நான் திறந்திருந்த கதவுக்கு வெளியிலிருந்து பார்த்தேன். சட்டென்று அவர் எழுந்தார், புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு வெளியே வந்தார், கதவைத் தன் கையாலேயே சாத்தினார்.

நடைபாதை பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். உள்ளே பேசுவது எதுவும் வெளியே கேட்கவில்லை. இரண்டு தடவை எழுந்தார். நான் பேச்சுக் கொடுக்கப் பார்த்தேன். அவர் காதில் விழவில்லை. கால் கட்டைவிரலால் தரையை அழுத்திக்கொண்டே இருந்தார்.

கதவு திறந்தது. சார் சிரித்துக்கொண்டே வந்தார். பின்னால் டாக்டர், கையில் தாளோடு. நன்றாகச் செய்தீர்களா என்று சாரை நான் கேட்டேன். ஃபர்ஸ்ட் க்ளாஸ் என்றார் அவர். அக்கா அவரை பெஞ்சில் உட்காரவைத்து, சட்டைக் காலரைச் சரிசெய்தார். பிறகு டாக்டரிடம் போனார். எவ்வளவு மார்க் என்று கேட்கப் போகிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

"தப்பா சொன்னது எல்லாத்தயும் எழுதிக்கிட்டீங்களா டாக்டர்?" என்றார். "ஒண்ணும் விட்டுடலியே?"